தாய்மாமன் மடி

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி.

இன்னிக்கு பள்ளிகொண்டாவில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மூத்த தாய்மாமன் நான்தான், மடியும் என்னுதுதான். பட்டு வேட்டி கட்டி மணையில் ராஜா கணக்காக உட்கார்ந்தேன். மடியில் வைத்ததும் குழந்தை வீறிட்டது. ஆசாரி ஊசியைக்கூட எடுக்கவில்லை.

"உன் தொடை எலும்பு குத்துதுண்ணா. சின்னண்ணன்கிட்ட குடு, மெத்தை மாதிரி இருக்கும்" என்றாள் தங்கச்சி. சனமெல்லாம் சிரித்தது.

சின்னண்ணன் என்றால் என் தம்பி. ஆம்பூர் தோல் கம்பெனியில் என்னோடு சுமை தூக்கின காலத்தில் அவனும் ஒட்டடைக்குச்சிதான். வேலூர் டவுனில் கடை வைத்தான், அடுத்த தெருவுக்கும் ஸ்கூட்டர், தொப்பை வந்துவிட்டது. நான் இன்னமும் ஒரே ஆளாக நாலு ஆள் சுமை தூக்குகிறேன், முதலாளியே வாய் பிளப்பார். காலையில் இருபது இட்லி தின்கிறேன். உடம்பில் ஒட்டினால்தானே.

அவன் மடிக்குப் போனதும் குழந்தை கம்மென்று ஆனது. காது குத்தினது தெரியாமல் தூங்கியே போய்விட்டது. "வசதியா வாழ்றவன் மடி எதுன்னு கொழந்தைக்கே தெரியுது பாரு" என்று பெரியம்மா வேறு. நான் இன்னா, வாழாமலா கிடக்கிறேன்?

எல்லாம் முடிந்தும் அவனால் மணையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது.

"அண்ணா, கை குடுண்ணா. எடையைக் கொறைக்கச் சொல்லி டாக்டர் திட்றாரு" என்றான் மெதுவாக.

ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினேன். நூறு கிலோ இருப்பான், இருநூறுன்னே வெச்சிக்கலாம். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை, எல்லாரும் பந்திக்கு ஓடிவிட்டார்கள். போட்டோக்காரனும்தான்.

ஆல்பத்தில் அவன் மடிதான் இருக்கும்.