என் முகத்தில் பார்த்த பதம்

நேற்று பேத்தி காலேஜிலிருந்து வரும்போது ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தாள். உள்ளே பச்சைத் தூள். மூடியைத் திறந்து முகர்ந்ததுமே சிறுகுறிஞ்சான் இலை என்று சொல்லிவிட்டேன். "எப்படி ஆயா கண்டுபிடிச்சே?" என்றாள். நான் வாக்கப்பட்டு வந்த ஊரில் வேலி முழுக்க அதுதான் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மீதியை, போய்ச் சேர்ந்துவிட்ட உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

அவள் மருந்துப் படிப்பு படிக்கிறாள். நான் அஞ்சாவதோடு நின்றவள், நீங்கள் அதுவும் இல்லை. நம் பேத்தி இலையிலிருந்து சத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கிறாள். பெருமைக்காரி என்று நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இந்த வரியை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எந்தக் கரும்பாலையிலும் உங்களைத்தானே தேடுவார்கள். கொதிக்கும் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, அப்படியே வாயில் போடுவீர்கள். பதம் விரலுக்குத் தெரியும், அழுக்கெடுக்கப் போட்ட சுண்ணாம்பு கூடிவிட்டதா என்பது நாக்குக்குத்தான் தெரியும் என்பீர்கள். நீங்கள் "இறக்குங்கடா" என்று சொன்ன பிறகுதான் நாலு பேர் கொப்பரையில் கை வைப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் சர்க்கரை என்று தர்மபுரி டாக்டர் சொன்னார். இரண்டு வேளை மாத்திரை, இனிப்பைத் தொடவே கூடாது. திரும்பும்போது பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பொம்மிடி தாண்டும்போது கேட்டீர்கள். "பாகைத் தொடாத ஆளுக்கு ஆலையில என்ன புள்ள வேலை?"

இலையைப் பறித்துக் கொடுத்தது நான்தான். எங்கள் அம்மா வீட்டுப் பக்கம் சர்க்கரைக்காரர்கள் அதை மெல்வதைப் பார்த்திருந்தேன். நாலு இலையை மென்றுவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டீர்கள். உங்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. "மண்ணைத் தின்ன மாதிரி இருக்குது புள்ள" என்று எனக்கும் இலையையும் கட்டியையும் நீட்டினீர்கள். இரண்டு பேரும் ருசியே இல்லாத வெல்லத்தை மென்று மென்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பிலேதான் நமக்குப் புத்தி கெட்டது. நாக்குக்கே தெரியாத இனிப்பு ரத்தத்துக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நானும் சரியான கேள்விதான் என்று தலையாட்டினேன். அன்று முதல் மடியில் இலையோடு ஆலைக்குப் போனீர்கள். மென்றுவிட்டுத் தைரியமாகப் பாகை உருட்டி விழுங்கினீர்கள். மாத்திரைச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது.

ஆனால் இனிப்பு இல்லாத நாக்கில் எல்லாப் பாகும் ஒரே மாதிரி கரித்திருக்கிறது. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கொப்பரையில் சுண்ணாம்பு கூடிப்போய் வெல்லம் கறுத்துவிட்டது. கரும்புக்காரர், உங்களுக்கு மாமன் முறை, ஒரு துண்டைக் கடித்துத் துப்பினார். "மாப்பிள்ளை, இது பொங்கலுக்கா, வெத்தலைக்குத் தடவவா?" ஆலையே சிரித்தது. நீங்கள் நேரே வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தீர்கள்.

அப்போதுதான் பார்த்தேன். அடுப்புத் தணல் பட்ட புண், கால் சுண்டுவிரலில், கறுத்து நாறிக்கொண்டிருந்தது. வலியே இல்லையே என்றீர்கள். அன்றைக்கே உங்களைத் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

விரலை எடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றினார் டாக்டர். இலை கொடுத்தது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன், திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. "நல்ல இலைதாம்மா. ஆனா அது நாக்கைத்தான் மூடுது, வயித்துக்குள்ள போன வெல்லம் வெல்லம்தான். மாத்திரைய விட்டது தப்பு" என்றார்.

கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு, இனி ஆலை அவ்வளவுதான் என்றீர்கள். உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நீங்க உருட்டுங்க. வாயில நான் போட்டுக்கறேன்" என்றேன்.

அடுத்த கரும்பு வெட்டுக்குக் கொப்பரை ஓரத்தில் நானும் நின்றேன். பொம்பளை நிற்கிற இடமா அது. அதே மாமன் விடவில்லை. "என்ன மாப்பிள்ளை, வூட்டு நாக்கையும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?" நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆமாங்க மாமா, பழசு ரிப்பேரு" என்றீர்கள்.

முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். "சொல்லாத, சும்மா தின்னு" என்று என் முகத்தையே பார்த்தீர்கள். சுண்ணாம்பு கூடினால் எனக்கு இடது கண் சுருங்குமாம். அன்றைக்குச் சுருங்கவில்லை போலிருக்கிறது. "இறக்குங்கடா" என்று குரல் கொடுத்தீர்கள். அதற்கப்புறம் எத்தனை வெட்டு பார்த்தோம். மாத்திரையும் தவறவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. இலையில் உள்ள சத்து, நாக்கில் இனிப்பு உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறதாம். குடலிலும் கொஞ்சம் அப்படித்தானா என்று படித்தவர்கள் பார்க்கிறார்களாம். பேத்தி சொன்னாள். அப்படியானால் மாத்திரையை நிறுத்தட்டுமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "ஒரு வேளைகூட விடக்கூடாது ஆயா" என்றாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

இன்று காலையில் பக்கத்து வீட்டில் புது வெல்லம் கொடுத்தார்கள். நான் தொடக் கூடாது. கிள்ளி, விரலில் உருட்டி, முகர்ந்து பார்த்துவிட்டுப் பேத்தி வாயில் போட்டேன். ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாதே, சும்மா தின்னு என்றேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கண் சுருங்கவில்லைங்க. இறக்கலாம்.