மும்தாஜ் கேட்ட அந்த ஒரு வரி

என் அருமை மும்தாஜ்,

நீ கண்மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுத உட்கார்ந்தது பாசத்தால் மட்டும் இல்லை, ஆத்திரத்தால்தான். யாரிடமாவது கத்தியாக வேண்டும். நீதான் திருப்பிக் கத்த மாட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், பார்வையாளர் நேரத்தில், நம் ஆண்கள் வார்டில் ஒருவருக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியை இன்னொருவருக்குப் போட்டுவிட்டார்கள். போட்டது கலா. நம்மோடு படித்த அதே கலாதான், ரெட்டியார்பாளையத்திலிருந்து இன்னும் அந்தப் பழைய ஸ்கூட்டியில்தான் வருகிறாள். ஆள் பிழைத்துக்கொண்டார். அவருக்கு வியர்த்துக் கொட்டியதை முதலில் பார்த்ததும், ஓடிப் போய் குளுக்கோஸ் ஏற்றியதும் அவள்தான்.

எப்படி நடந்தது என்கிறாயா? உனக்குத் தெரியாததா! பன்னிரண்டாம் கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன். பதிமூன்றில் காய்ச்சலோடு கிடந்த அரியாங்குப்பத்துக்காரர் புழுங்குகிறது என்று முனகியிருக்கிறார். பன்னிரண்டில் இருந்த சர்க்கரை நோயாளி ராஜேந்திரன், “நீங்க இங்க படுங்கண்ணே” என்று பெருந்தன்மையாக எழுந்து இடம் மாறிக்கொண்டார். நம் ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் பஸ் சீட்டு மாதிரிதானே. கேஸ் ஷீட் மட்டும் கட்டிலோடு அங்கேயே தொங்கியது. கைப்பட்டையில் பெயர் இருந்தது, சலைன் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்திரிக்கு அடியில்.

காய்ச்சல்காரர் அரை மயக்கத்தில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. “ராஜேந்திரன்தானேம்மா?” என்று கலா கேட்டிருக்கிறாள். அந்த அம்மா தலையாட்டியிருக்கிறார்.

பிறகு நான் போய் விசாரித்தேன். “ஏம்மா, உங்க வூட்டுக்காரர் பேரு ராஜேந்திரன் இல்லியே, அப்புறம் ஏன் தலையாட்டுனீங்க?”

“நர்ஸம்மா ஊசியோட நிக்கறப்ப இல்லன்னு எப்டிம்மா சொல்றது? அவங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன். இல்லன்னா, அப்ப பேரு என்னான்னு கேப்பாங்க. அவர் பேர நான் வாயால சொல்லணுமில்ல?”

இதைத்தானே நீ எழுதினாய்? எம்.எஸ்சி. நர்சிங் ஆராய்ச்சிக்காக மாதக் கணக்கில் கட்டில் கட்டிலாக அலைந்து, நர்ஸ்களின் தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் எழுதி வைத்தாயே. புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் நாம் எந்தப் பேரைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தது நீதான். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர் ஒருவரின் மனைவி, எத்தனை முறை கேட்டும் “எங்கூட்டு சொல்தாதாம்மா” என்று, பேருக்குப் பதில் பட்டாளக்காரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையே சொல்லி வெட்கப்பட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான்.

மருந்தும் எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! கேஸ் ஷீட்டில் கூடுதலாக ஒரே ஒரு வரி: மூத்த பிள்ளையின் பெயர். பிள்ளை இல்லாதவர்களுக்குச் சொந்த ஊர். நாம் பேரைச் சொல்லி ஆமாவா என்று கேட்கக் கூடாது. “பெரிய புள்ள பேரு என்னம்மா?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் வாய் நிறையச் சொல்லுவாள். அது ஷீட்டோடு பொருந்தாவிட்டால் ஊசி தட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

அதற்கு நம் நிர்வாக அதிகாரி என்ன சொன்னார்? “நர்ஸுங்க ஊசி போட்டா போதும்மா, ஆராய்ச்சியெல்லாம் டாக்டருங்க பாத்துக்குவாங்க. ஃபாரத்த எல்லாம் மாத்த முடியாது.” ராப்பகலாக நோயாளி பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாதது, காலையில் ஒரு சுற்று வந்து போகிறவருக்குத் தெரிந்துவிடுமா? கேட்க ஆள் இல்லை.

உன் மேலும் கோபம்தான். “சரிங்க சார்” என்று பைண்டு செய்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாயே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? சரி, நான் மட்டும் என்ன கிழித்தேன்? வார்டு இன்சார்ஜ் ஆன பிறகு அந்த வரியை நானே பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கலாம். யார் வந்து என் கையைப் பிடித்திருப்பார்கள்? பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது அதே அதிகாரி என் மேஜை மேல் ஒரு தாளை வைத்திருக்கிறார். ‘கலாவின் கவனக்குறைவே காரணம்.’ அவ்வளவுதான் விசாரணை. “நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுடும்” என்கிறார். முடியப் போவது கலாவின் வேலை. அவள் போனில் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “நான் பேரக் கேட்டேன்டி. கேக்காம போடல. அதயாவது எழுதுங்கடி” என்றாள்.

நேற்று சாயங்காலம் உப்பளத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் நூரா அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். ‘ஒரு செவிலியர் ரத்த அழுத்த மாத்திரையைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்தார். கேட்டபோது அவர் மனைவி தலையாட்டியிருந்தார். விழுங்கும் முன் தடுக்கப்பட்டது.’

தடுத்தது நீ. அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பேர எழுதிடாதடி” என்று கெஞ்சினேன். “யாருன்னு எழுதினா எவளும் வாயத் தொறக்க மாட்டா. எப்டின்னு எழுதினாத்தான் அடுத்தவ தப்பிப்பா” என்றாய். அந்தப் பெருந்தன்மையில்தான் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இன்சார்ஜ் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலை வார்டில் இருந்த எல்லா ஷீட்டிலும் உன் வரியை எழுதிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன் புத்தகத்தை அவர் மேஜை மேல் அந்தப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுச் சொல்வேன்: “சார், இந்தச் செவிலியர் நான்தான். கலாவ அனுப்புறதுன்னா, மொதல்ல என்ன அனுப்புங்க.”

இப்படிக்கு,
உன் நூராவுக்குச் சின்னம்மா,
செல்வி