பேரையூர் போகுமுன் அணைய வேண்டிய விளக்கு

ஆடி 29, திங்கள்

வெயில். காற்றில்லை. நெடிய ஆலோசனைக்குப் பின், வண்டியின் ஏர் ஃபில்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்வதென்று இன்று காலை முடிவெடுத்தேன். வில்லாபுரத்தின் வரலாற்றில் இதற்கு இணையான முடிவு இல்லை.

காரணம் செல்வி. மனைவி ஒரு மாதமாகப் பேரையூரில், அவள் அம்மா வீட்டில். ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆனவளை யார் ஆடிக்கு அழைப்பார்கள்? தெருவுக்கும் தெரியும்.

உண்மைக் காரணம் மிக்ஸி. பிரித்தேன். புகைந்தது. மூடி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவளுக்கு ஷாக் அடித்தது. போகும்போது சொன்னாள்: "கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத ஆளோட எப்புடிங்க இருக்கறது?"

வெள்ளிக்கிழமை ஆவணி பிறக்கிறது. கூப்பிட வருகிறேன் என்று போனில் சொன்னேன். "வாங்க, பாப்போம்" என்றாள். வாரேன் என்று சொல்லவில்லை.

மாலை: ஃபில்டர் பளிச். ஒரு ஸ்க்ரூ மிச்சம். வண்டி ஸ்டார்ட் ஆனது. மீட்டரில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம். அணையவில்லை.

ஆடி 30, செவ்வாய்

புழுக்கம். யூடியூபில் ஒருவர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். செய்தேன். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது. விளக்கு எரிகிறது.

தெருமுனையில் மெக்கானிக் கடை. நடத்துபவர் பாண்டி, செல்வியின் அண்ணன். அங்கே போனால் எனக்கு முன்னால் சேதி பேரையூர் போய்விடும்.

ஓட்டப் பயந்து, வேறு கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். எதிரே பாண்டி.

"என்ன மாப்ள, உருட்டிக்கிட்டு வாரீக?"

"சும்மா. நடந்தா நல்லதுன்னு."

"வண்டிக்குமா?"

திரும்பிவிட்டேன்.

ஆடி 31, புதன்

மேகம், மழையில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர் பிளக் பாதி கழன்று கிடந்தது. நான் இழுத்ததுதான். அழுத்தினேன், 'டக்'. ஆனந்தம். சாவி போட்டேன். எரிகிறது. காரணம் போய்விட்டது, கோபம் போகவில்லை.

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அவள் வராவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். துணி ஊறப்போட்டேன்.

ஆடி 32, வியாழன்

கண்ணாடி முன் நின்று "வண்டி கெட்டுப்போச்சு செல்வி, நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சாயங்காலம் வண்டியைக் கழுவினேன். ஹெட்லைட்டுக்குச் சந்தனம், குங்குமம். மீட்டருக்கும் ஒரு பொட்டு, கொஞ்சம் பெரிதாக. சரியாக அந்த விளக்கின் மேல். பக்தி எனக்கு இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

ஆவணி 1, வெள்ளி

நல்ல வெயில். பேரையூர். மாமனார் மீட்டரின் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாப்ள வண்டிய கோயிலாட்டம்ல வச்சிருக்காரு!"

செல்வி பையோடு வெளியே வந்தாள். பச்சைச் சேலை. பையை டேங்கின் மேல் வைத்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். சாவியைத் திருப்பினேன். வெயிலில் காய்ந்திருந்த சந்தனம் மாமனாரின் விரல் பட்டு வெடித்திருக்கிறது போல. பொருக்காக உதிர்ந்தது.

"இது என்னங்க, மஞ்சளா எரியுது?"

கண்ணாடி முன் சொன்னதெல்லாம் நினைவில் இருந்தது. வாய் சொன்னது: "ஒன்னுமில்ல."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது டி.கல்லுப்பட்டி தாண்டியதும் விளக்கு தானாக அணைந்துவிட்டது.