ஒளித்துவைத்த நாயனமும் ஓசை குறைந்த அருவியும்

அனுப்புநர்:
சு. காந்திமதிநாதன்,
நாயன வித்வான்,
பிள்ளையார் கோவில் தெரு,
மேலகரம், தென்காசி தாலுகா,
திருநெல்வேலி ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு சப் இன்ஸ்பெக்டர் அவர்கள்,
போலீஸ் ஸ்டேஷன்,
குற்றாலம்.

பொருள்: என் நாயனத்தை என் வீட்டாரும் மேளக்காரர்களும் சேர்ந்து ஒளித்துவைத்திருப்பது பற்றியும், என்னை மேளத்திலிருந்து விலக்க நடக்கும் சதி பற்றியும், பேரருவியின் சத்தம் குறைந்திருப்பது பற்றியும் விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவை என் கைப்பட எழுதியிருக்கிறேன். தென்காசியில் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உண்டு. அவர் என் மைத்துனன் நெல்லையப்பனோடு ஒரே கடையில் காப்பி குடிக்கிறவர் என்பதால் அவரிடம் போகவில்லை. தபாலில் போடவும் மனம் ஒப்பவில்லை. ஆகையால் நானே கொண்டுவந்து தங்கள் கையில் ஒப்படைக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இராது.

1. எங்கள் மேளத்தில் நான் பெரிய நாயனம். என் சம்சாரம் சொக்கம்மாளின் தம்பி நெல்லையப்பன் இரண்டாவது நாயனம். வல்லிநாயகம் தவில். இசக்கியப்பன் ஒத்து ஊதுகிறவர், அதாவது நாங்கள் வாசித்து முடிக்கும்வரை பின்னால் இருந்து ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டியவர். தென்காசிப் பெரிய கோவிலில் ஆவணி மூலத் திருவிழாவுக்குச் சுவாமி புறப்படும்போது முன்னால் நடப்பது எங்கள் மேளம்தான் என்பது ஊரறிந்த விஷயம். வருகிற திருவிழாவில் என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, நெல்லையப்பனைப் பெரிய நாயனமாக முன்னால் நிறுத்த ஏற்பாடு நடக்கிறது. கீழே எழுதியிருக்கும் எல்லாவற்றுக்கும் இதுதான் வேர் என்பது என் உறுதியான சந்தேகம்.

2. சென்ற ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். பெண், புளியங்குடியில் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை வைத்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சியின் தங்கை மகள். தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டி, ‘கெட்டி மேளம்’ என்று குரல் கொடுப்பது வழக்கம். உடனே நாயனமும் தவிலும் ஒருசேர முழங்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, பிள்ளை அழுதாலோ அது ஒருவர் காதிலும் விழக்கூடாது. அதற்காகத்தான் எங்களை அங்கே உட்காரவைப்பது.

அன்றைக்கு அய்யாத்துரை அண்ணாச்சி மணவறை ஓரத்தில் நின்று விரலை உயர்த்தி ஆட்டினார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முழங்கினேன். தவில் என்னோடு சேரவில்லை. வல்லிநாயகம் தவிலில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து அட்சதையைப் போட்டுவிட்டார்கள். தாலியோ தட்டில் தேங்காயின் மேல் அப்படியே இருக்கிறது! பெண்ணின் தாயார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணாச்சி என் முகத்துக்கு நேரே வந்து, “யாருவே உம்மகிட்ட கெட்டி மேளம் சொன்னா? காப்பிக்காரனக் கூப்பிட்டேன்வே! காப்பிக்குக் கை காட்டுனா ஊதிருவீரோ?” என்று கத்தினார். சபையில் எனக்கு நேர்ந்த அந்த அவமானத்தை இன்றைக்கு நினைத்தாலும் சோறு இறங்கவில்லை.

ஐயா, நான் கேட்கிறேன். காப்பிக்காரனைக் கூப்பிடுகிறவர் கையைத் தட்டலாம், பேரைச் சொல்லலாம். விரலை உயர்த்தி அப்படி ஆட்டுவானேன்? அதுவும் முகூர்த்த நேரத்தில், மணவறைப் பக்கத்தில் நின்றுகொண்டு! முகூர்த்தத்துக்கு முன்னால் அவரும் நெல்லையப்பனும் சமையல் கொட்டகைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வாய் அசைந்தது. எனக்குக் கேட்காதபடி அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினார்கள். நல்ல விஷயம் என்றால் உரக்கப் பேசவேண்டியதுதானே?

3. வல்லிநாயகம் பற்றி. ஒன்றிரண்டு வருஷமாக இவன் எந்தக் கல்யாணத்திலும் என்னை இடித்துக்கொண்டே உட்காருகிறான். பல்லவி எடுக்கும் இடத்தில் முழங்காலால் என் தொடையை அழுத்துகிறான். நடை மாறும்போது முழங்கையால் விலாவில் ஒரு குத்து. கீர்த்தனம் முடிய வேண்டிய இடத்தில் கால் பெருவிரலை மிதிக்கிறான். இடது தொடை கன்றிப்போய்க் கிடக்கிறது. தாங்கள் விரும்பினால் பார்வையிடலாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், “தாளத்துக்குத்தான் அண்ணாச்சி” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கிறான். தாளத்துக்குத் தவில் இருக்கிறதே, என் தொடை எதற்கு?

இதுவும் போகட்டும் என்றால், இவன் முன்போல அடிப்பதும் இல்லை. முன்பெல்லாம் வல்லிநாயகம் கை வைத்தால் என் நெஞ்சுக்கூடு அதிரும். இப்போது கை விழுகிறது, அடி விழுவதில்லை. தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிறாற்போல் தட்டுகிறான். நெல்லையப்பன் பெரிய நாயனமாக வந்த பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று பலத்தைச் சேர்த்துவைக்கிறான் போலும். இசக்கியப்பன் அதற்கு மேல். திரும்பிப் பார்த்தால் அவனுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது, கண் பிதுங்குகிறது, ஒத்தில் மட்டும் சத்தம் இல்லை. வெறும் பாவனை! இப்படிக் கள்ள ஊதல் ஊதுகிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவனால் சுருதி சேர்ந்து வாசிக்க முடியும்? கேட்டதற்கு, “ஊதிக்கிட்டுத்தான இருக்கேன் அண்ணாச்சி” என்று சத்தியம் செய்தான்.

4. சொக்கம்மாள் பற்றி எழுதக் கை வரவில்லை. இத்தனை காலம் என்னோடு குடும்பம் நடத்தியவள். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் நான் பெண்டாட்டி என்று பார்க்கிற ஆள் இல்லை.

அவள் தெருப் பெண்களிடம் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். என்னிடம் மட்டும், ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறாள். முன்பு அடுப்படியில் இருந்தபடியே பேசுவாள். இப்போது கையில் கரண்டியோடு எனக்கு எதிரே வந்து, முகத்தை நேராகக் காட்டி நின்றுதான் வாயைத் திறக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் நான் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும்போது, காய்ச்சிய பூண்டு எண்ணெயை என் காதில் ஊற்றினாள். துள்ளி எழுந்தேன். “ஒங்க நல்லதுக்குத்தான் ஊத்துதேன், அசையாம கெடங்க!” என்று கத்தினாள். நல்லதுக்கு என்றால் முழித்திருக்கும்போது ஊற்றலாமே? அந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அதில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று பரிசோதிக்க வேண்டுகிறேன்.

அடுத்து நெல்லையப்பன் வந்தான். “அத்தான், பாளையங்கோட்டையில காதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காராம். ஒரு நடை போயிட்டு வந்துருவோம்” என்றான். எப்போது என்றேன். ஆவணி பிறந்ததும் என்றான். திருவிழாச் சமயம் பார்த்து என்னை ஊரைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

5. இதற்குப் பிறகுதான் என் நாயனம் காணாமல் போயிற்று. உறை மட்டும் சுவரில் தொங்குகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சொக்கம்மாளிடம் கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினாள். கண் மட்டும் நெல் குலுக்கைப் பக்கம் போயிற்று. குலுக்கைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினேன், நெல்தான் வந்தது. உடனே நெல்லையப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் இராமலட்சுமி நடைவாசலில் குறுக்கே நின்றுகொண்டு உள்ளே விடவில்லை. அவள் அழுதாள். திருட்டுப் பொருள் வீட்டில் இல்லாதவள் எதற்கு அழவேண்டும்?

என் காது கெட்டுப்போய்விட்டது என்று இவர்கள் ஊரில் பேச்சுக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அது பொய் என்பதற்கு அந்த நாயனமே சாட்சி. நாயனத்தின் முனையில் செருகும் சீவாளியை வாயில் வைத்து மூச்சைக் கொடுத்தால், அந்தச் சத்தம் பல்லில் ஏறி, தாடையில் ஏறி, மண்டை முழுவதும் கணீரென்று நிற்கும். வேறு யார் சத்தம் குறைந்தாலும் என் நாயனத்தின் சத்தம் எனக்கு ஒரு இம்மியும் குறைந்ததில்லை. காது கெட்டவனுக்கு அது எப்படிக் கேட்கும்? இதைத்தான் அவர்கள் என்னிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். அது போன நாள் முதல் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நாயனம் அவர்களிடம் இருக்கிறது, சீவாளிகள் என்னிடம் இருக்கின்றன. பொழுது போகாதபோது வெறும் சீவாளியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதிப் பார்க்கிறேன். கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. அதுவாவது கேட்கிறதே என்று இருக்கிறது.

6. இவ்வளவையும் எழுதி முடித்துத் தங்களிடம் கொண்டுவர நேற்றே புறப்பட்டேன். வழக்கப்படி முதலில் பேரருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வரலாம் என்று போனேன். நல்ல சாரல். பஜார் திரும்பும்போதே அருவிச் சத்தம் வந்து எதிர்கொள்ள வேண்டும். வரவில்லை. ஆகா, மேலே மலையில் எவனோ தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அருவி கொள்ளாமல் விழுகிறது. நடுப்பாறைக் குழியான பொங்குமாங்கடல் நிரம்பித் தண்ணீர் பாறையைத் தாண்டி எகிறுகிறது. பெண்கள் குளிர் தாங்காமல் வாயைத் திறந்து கத்துகிறார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைப் பிடித்து முதுகில் படார் படாரென்று அறைகிறார்கள். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் வெகு தூரத்தில், யாரோ அரிசி புடைக்கிற மாதிரி இருக்கிறது.

நான் தண்ணீருக்குள் காலை வைத்தேன். ஒரு கான்ஸ்டபிள் ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வெள்ளம் கூடிவிட்டதாம், எல்லோரையும் வெளியேறச் சொல்லி விசில் ஊதினாராம். என் முகத்துக்கு நேரே, “எத்தனை தடவ ஊதுறது? காது கேக்காதாய்யா?” என்றார். அவர் ஊதியதை நானும் பார்த்திருந்தேன். கன்னம் உப்பியிருந்தது. இசக்கியப்பன் கன்னம் போலவே.

அவர் மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவராம். நெல்லையப்பனை அவருக்குத் தெரியாது. வல்லிநாயகத்தையும் தெரியாது. நான் யார் என்றே தெரியாது. அதனால் அவர் மேல் எனக்குச் சந்தேகம் சொல்ல வழியில்லை. பிறகு அருவிக்கு எதிரே ஈரத் துண்டோடு உட்கார்ந்து, சாயங்காலம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷர்களுக்குப் பொறாமை இருக்கும், ஆசை இருக்கும். அய்யாத்துரை அண்ணாச்சிக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன், சொக்கம்மாளுக்கும் கண்டுபிடித்தேன். அருவிக்கு என்ன காரணம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அருவி நெல்லையப்பனோடு காப்பி குடிக்கிறதில்லை. பயமாக இருந்தது ஐயா. மனுவைக் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பி, இந்த ஆறாவது விஷயத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் மற்றவற்றை எல்லாம் நிறுத்திவைத்து, முதலில் இந்த ஆறாவது விஷயத்தை விசாரிக்க வேண்டுகிறேன். ஆளை அனுப்பவேண்டாம். தாங்களே போய்ப் பேரருவிக்கு எதிரில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்க வேண்டும். சத்தம் குறைந்திருப்பது உண்மையானால் ஒருவரையும் விடாதீர்கள். மேலே எழுதியிருக்கும் அத்தனை பேர் பேரிலும் வழக்குப் பதிவு செய்யுங்கள்.

சத்தம் எப்போதும் போலவே இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிந்தால், இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றில் நான் எழுதியதை அடித்துவிடுங்கள். அண்ணாச்சி காப்பிக்குத்தான் கை காட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பாட்டிலைப் பரிசோதிக்க வேண்டாம். வல்லிநாயகம் என் தொடையை அழுத்தியதற்கு அவனை ஒன்றும் கேட்க வேண்டாம். அவன் அழுத்தாமல் இருந்திருந்தால் நான் எத்தனை சபையில் தலைகுனிந்திருப்பேனோ தெரியாது. திருவிழாவில் நெல்லையப்பனே முன்னால் நடக்கட்டும்.

ஐந்தாவதை மட்டும் அடிக்க வேண்டாம். என் நாயனத்தை வாங்கிக் கொடுங்கள். நான் சபைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருகிறேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிக்கொள்கிறேன். எனக்கு இனிமேல் கேட்கப்போகிற சத்தம் அது ஒன்றுதான்.

தங்கள் விசாரணையின் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அதைக் கொண்டுவருகிற கான்ஸ்டபிள் கதவைத் தட்டிவிட்டு வாசலில் காத்து நிற்க வேண்டாம். நேரே உள்ளே வந்து என் தோளைத் தொட்டால் போதும்.

இடம்: மேலகரம்
நாள்: 9-8-1961

இப்படிக்கு,
தங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
சு. காந்திமதிநாதன்