சோப்புக்குக் கரைத்த காஸ்டிக் தண்ணீர்

உமையாள், வெளியே போயிருந்த மகள் ஜெயப்பிரியாவுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் கடிதம் எழுத உட்கார்ந்தாள். செலவை மிச்சம் பிடிக்க அவள் வீட்டிலேயே துணிசோப்பு செய்வது கணவன் தர்மராஜுக்கு அவமானம். காலையில் காஸ்டிக் சோடா கரைத்துக்கொண்டிருந்தவளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"சோப்பு வாங்க வக்கத்தவன்னு ஊருக்குக் காட்டுறியாடி?"

மறுபடி கையை ஓங்கியதும் காஸ்டிக் தண்ணீரை வாளியோடு அவன்மேல் வீசினாள். தோள் வெந்து அலறியவன்மேல் அவளே குடங்குடமாகத் தண்ணீரையும் ஊற்றினாள். அக்கம்பக்கத்தார் அவனை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"பிரியா, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். சோறு சட்டியில இருக்கு. பின்வாசல்ல கால் வைக்காத, காஸ்டிக் கொட்டிக் கெடக்கு. சாப்பிட்டுட்டு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில இருக்குற ஒங்க அய்யாவுக்கு ஒரு வேட்டி கொண்டுபோய்க் குடு."

மடித்த தாளைப் பிரித்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"கைதவறிக் கொட்டிருச்சுன்னு யார்ட்டயும் சொல்லாத. அம்மாதான் ஊத்துச்சுன்னு சொல்லு."