மச்சான் போனில் என் லைசென்ஸ்

ஜூன் 9, திங்கள்

மீன் கடை லைசென்ஸ் புதுப்பிக்க முடியவில்லை. எல்லாம் போனிலேயே, பத்து நிமிஷ வேலை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். காலை முழுக்கப் போச்சு. வெயில் வேறு.

ஓடிபி காதர் மச்சான் நம்பருக்குப் போகிறது. என் பொண்டாட்டி நஸீமாவின் அண்ணன், வியாபாரத்தில் என் பழைய கூட்டாளி. லைசென்ஸ் எடுத்தப்போ கோவளம் கரையில் அவர் போனில் மட்டும்தான் டவர் எடுக்கும். நான்தான் அவர் நம்பரை எழுதினேன். கூட்டு பிரிந்து நாலு வருஷம்; அவர் இப்போ தனியாக இறால் வியாபாரம். பேச்சு இல்லை. முந்தாநாள் பெருநாள் கறிகூட நஸீமாதான் கொண்டுபோனாள்.

வெள்ளிக்குள் புது லைசென்ஸ் காட்டாவிட்டால் சிறுசேரி ஐடி கம்பெனி கேன்டீன் ஆர்டர் வேறு ஆளுக்கு. என் வியாபாரத்தில் பாதி அது.

ஜூன் 10, செவ்வாய்

இ-சேவை மையம். கூட்டம். ஃபேன் ஓடலை.

"நம்பரை மாத்திக் குடும்மா."

"மாத்தலாம் அண்ணாத்த. பழைய நம்பருக்கு ஓடிபி போகும், அத்த சொல்லுங்க."

"அந்த நம்பர் என்கிட்ட இல்லன்னுதானே மாத்த வந்துகீறேன்."

"எனக்குப் புரியுது. இதுக்குப் புரியலயே." கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

வாங்க வேண்டியது: ஐஸ் பெட்டி மூடி 2, தராசு பேட்டரி.

ஜூன் 11, புதன்

நஸீமா அண்ணனிடம் கேட்டாள். அவர் வீட்டுக்குள் டவர் இல்லை, மாடியில்தான் மெசேஜ் விழும். ஓடிபிக்கு ஆயுசு மூணு நிமிஷம்; ஏறுவதற்குள் காலி. இரண்டாம் தடவை, வெயில் தாங்கலை என்று பாதியில் இறங்கிவிட்டார். மூணாம் தடவைக்குச் சொன்னாராம்: "லைசென்ஸ் யாருக்கு வேணும்? அவரே வரட்டும். வாய் இல்லியா இன்னா?"

கரைக்கெல்லாம் டவர் வந்தும் பேஜாரு.

ஜூன் 12, வியாழன்

போனேன். மொட்டை மாடி, உச்சி வெயில். தண்ணி டேங்க் நிழலில் இரண்டு பேரும், அவரவர் போனைப் பார்த்தபடி. பட்டனை அழுத்தினேன். அவர் போன் டிங் என்றது. கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்ச்சு. இப்ப சொல்லு மாப்ள, கேன்டீனுக்கு இறால் யார்கிட்ட எடுக்கிற?"

"மொதல்ல நம்பரச் சொல்லு மச்சான். நேரம் ஓடுது."

"உனக்குத்தான் ஓடுது."

நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அதுதான் எரிச்சல். நாற்பது செகண்ட் மிச்சம் இருக்கும்போது, சரி, இனி உன்கிட்டதான் என்று தலையாட்டினேன். சொன்னார். லைசென்ஸ் ஆச்சு.

பேசி முடித்தது: கேன்டீன் இறால் முழுக்க அவரிடம், ஒரு வருஷத்துக்கு. கரையில் ஏலம் போகும் விலைக்கு மேல் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய். பெருநாள் கறி இனி என் கையால். லைசென்ஸில் அவர் நம்பரே இருக்கும், மாத்தக் கூடாது.