ஃபோனியோ உப்புமா

கொடைக்கானல்,
ஆகஸ்ட் 1981

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் மகள் அருள்மணியும் சுகந்தானா? கடலில் மீன் படுகிறதா?

நான் சமைக்கும் பள்ளி விடுதியில் ஆப்பிரிக்காவில் வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். ஆனா என்று பெயர். கோதுமை அவளுக்கு ஆகாது, சோற்றையும் தொடமாட்டாள். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். அவள் அப்பா அங்கே விளையும் ஃபோனியோ என்ற தானியத்தை அனுப்பியிருந்தார். மணல் மாதிரி அத்தனை பொடிசு. முதல் நாள் கூழாகக் குழைந்துவிட்டது. நேற்று தண்ணீரைக் குறைத்து, வெங்காயம் தாளித்து உப்புமா கிண்டினேன். தட்டை வழித்துவிட்டு, "ஆண்ட்டி, இன்னும் வேணும்" என்றாள். எனக்கும் நேற்றுத்தான் வயிறு நிறைந்தது.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். அருள்மணியை நிற்கவைத்து, அவள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி அதோடு வையுங்கள். எதற்கென்று கேட்டால், அம்மா ஸ்வெட்டர் பின்னப் போகிறாள் என்று சொல்லுங்கள். அடுப்பில் பால் பொங்குகிறது.

உங்கள்
கித்தேரி